வாளிக்குத் தெரிந்தது

அது வாளி செய்கிற தொழிற்சாலை. தண்ணீர் பிடிக்க, துணி ஊறவைக்க என்று எல்லா வீட்டிலும் இருக்கிற சாதாரண வாளியைத்தான் பல காலம் செய்துகொண்டிருந்தார்கள். பிறகு தொழிற்சாலைக்கு அறிவு வந்தது. அதைத் தொடர்ந்து வாளிக்கும் வந்தது. வாளியின் உள்பக்கம், பாதி உயரத்தில், ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார்கள். தனக்குள் எவ்வளவு இருக்கிறது, சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்பதையெல்லாம் வாளியே வாங்கினவரின் கைப்பேசிக்குச் சொல்லிவிடும். எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடுமே என்று முதல் கூட்டத்தில் யாரோ கேட்டாராம். அவர் இப்போது வேறு எங்கோ வேலை பார்க்கிறாராம்.

ஒரே ஒரு குறை. பாதிக்கு மேல் நிரப்பினால் கருவி நனைந்து செத்துப்போகும். அதனால் 'பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்' என்று வாளிக்கு வாளி லேபிள் ஒட்டினார்கள். அதை ஒட்டுகிற மேசையில்தான் ஸ்பேனர் வீட்டுக்காரிக்கு வேலை.

ஸ்பேனர் என்பது அவள் புருஷன். அதே தொழிற்சாலையில் மூத்த மெக்கானிக். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் நீட்டிக்கொண்டிருக்கும். கல்யாணப் புகைப்படத்திலும் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சாப்பாட்டு மணி அடித்தால் முதல் ஆளாக வந்து அவள் எதிரில் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு மணி அடித்தது. அவர் வரவில்லை.

"என்ன, டப்பாவைத் தொறக்காம உக்காந்திருக்கே?" என்றாள் கண்ணாடி. அடுத்த மேசையில் வேலை பார்க்கிற மூத்தவள். கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர்.

"அவரு வரலக்கா."

"வருவாரு. உன் சமையலை இத்தனை வருஷம் சாப்பிட்டு உயிரோட இருக்கிற மனுஷன், அவருக்கு இனிமே என்ன ஆகிடப் போகுது?"

"மணி அடிச்சா நிக்க மாட்டாரேக்கா."

"அதோ பாரு. மூணாவது பாதையில போய்ட்டிருக்காரு, உன் வீட்டுக்காரரு. நல்லா பச்சையா இருக்காரு."

சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஒரு பெரிய திரை. அங்கே வேலை செய்கிற எல்லோரும் அதில் ஆளுக்கொரு புள்ளியாக இருந்தார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. ஆள் எங்கே இருக்கிறான், எவ்வளவு வேகமாக நடக்கிறான், நாடி எப்படித் துடிக்கிறது என்பதைப் பட்டை சொல்லும். ஓடினால் பச்சை. நின்றால் மஞ்சள். ஸ்பேனர் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டு மணி அடிச்சப்புறம் வேலைக்கு ஓடுற ஆளாக்கா அவரு?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.

மூன்றாவது பாதையில் ஆளே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி வண்டி வந்தது. ஓட்டுபவன் இல்லாமல், தரையில் போட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டு, பொருள் சுமந்து தானாகச் சுற்றுகிற வண்டி. அதன் கைப்பிடியில் ஒரு பட்டை கட்டியிருந்தது. பட்டை உரசிப் புருஷன் கையில் புண் வந்தபோது அதன் உள்பக்கம் பழந்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவள் அவள். அந்தத் துணியைத்தான் இப்போது பார்த்தாள்.

ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடுகிற இன்னொரு மெக்கானிக் கிடங்குச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பினான்.

"தம்பி, அவரோட பட்டை வண்டியில சுத்துது. அவரு எங்கே?"

"மெதுவா பேசுங்க அண்ணி."

"எங்கே?"

"கிடங்குக்குள்ள."

அவன் சொன்னதைப் புரிந்துகொள்ளக் கிடங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செய்து முடித்த வாளிகளை அடுக்கிவைக்கிற இடம் அது. உள்ளே ஆட்கள் இல்லை. இயந்திரத்துக்குக் கண் தேவையில்லை என்பதால் விளக்கும் இல்லை. ஒரு பெரிய கிரேன் இருட்டுக்குள் மேலும் கீழுமாக ஓடிப் பெட்டிகளை எடுக்கும், வைக்கும். பட்டை கட்டிய ஆள் யாராவது உள்ளே போனால் கிரேன் தானாக நின்றுவிடும். உயிரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு.

ஆனால் கிரேன் நின்றால் வாசல் பலகை சிவப்பாகிவிடும். தொழிற்சாலை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒளிரும் பலகை அது. 'நாங்கள் நிற்பதில்லை' என்று பச்சையில் எழுதியிருக்கும். பலகை சிவப்பானால் அந்த நேரத்தில் வேலையில் இருந்த அத்தனை பேரும் கூடத்தில் நின்றபடி மனமாற்றப் பயிற்சி எடுக்க வேண்டும். அதனால் உள்ளே ஏதாவது பெட்டி சிக்கிக்கொண்டால், பட்டையைக் கழற்றிக் குட்டி வண்டியில் கட்டிவிட்டு, கீழே இருக்கிற சின்னக் கதவு வழியாகக் குனிந்து உள்ளே போவார்கள். சிக்கலை எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். காப்பாற்றுகிற பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது அங்கே வேலையில் ஒரு பகுதியாகவே ஆகிப்போயிருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லித்தருவார்கள், பாதுகாப்பு வகுப்பு முடிந்த கையோடு.

"காலைல ஒரு பெட்டி சிக்கிடுச்சு," என்றான் ஒல்லி. "இன்னிக்கு விருந்தாளிங்க வர்றாங்க. பலகை சிவப்பாச்சுன்னா மொத்தப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேல்மாடி சார் சொல்லிட்டாரு. அண்ணன் உள்ளே போனாரு. நான் கதவுகிட்ட நின்னேன். கதவு பூட்டிக்கிச்சு."

"அதுக்கு ஏது பூட்டு?"

"இன்னிக்குத்தான் போட்டாங்க. அறிவுப் பூட்டாம். உள்ளே யாரும் இல்லைன்னு தெரிஞ்சா தானா பூட்டிக்குமாம்."

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். முதல்ல பேசினாரு. கிரேன் இடிச்சிடுச்சு, கை கிழிஞ்சிருக்கு, எந்திரிக்க முடியல, தொறடான்னாரு. அப்புறம் பேசல. அப்பப்போ தட்டுறாரு."

"காலைலேருந்து நீ இங்கேயே நின்னுட்டிருக்கியா?"

"சார்கிட்ட ரெண்டு தடவை போய்ச் சொன்னேன் அண்ணி. திரையில ஓடிட்டிருக்காரே, உனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாரு. பட்டை வண்டியில இருக்குன்னு சொல்ல வாய் வரல. அதைச் சொன்னா எல்லாருக்கும் வேலை போயிடும்."

"சிவப்புப் பொத்தான் ஒண்ணு இருந்துச்சே. அமுக்கினா எல்லாம் நிக்குமே."

"எடுத்துட்டாங்க. சுவர் நிறத்துக்கு ஒத்துப்போகலையாம். இப்போ நிறுத்தணும்னா திரையில விண்ணப்பம் போடணும். ஆபத்துல இருக்கிறவரு மட்டும்தான் போட முடியும்."

"அவருதான் உள்ளே கிடக்கிறாரே."

"உள்ளே திரை இல்லையே அண்ணி."

"கடப்பாரை எடுத்துக் கதவை உடை."

"கருவி அலமாரிக்கும் அதே பூட்டுதான் அண்ணி. ரெண்டும் அண்ணன் பட்டைக்குத்தான் தொறக்கும்."

அவள் மூன்றாவது பாதைக்குத் திரும்பினாள். குட்டி வண்டி அடுத்த சுற்றில் வந்தபோது கூடவே ஓடி, பட்டையை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு சின்னக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டாள். பட்டையைப் பூட்டிடம் காட்டினாள்.

"வணக்கம், மூத்த மெக்கானிக் அவர்களே," என்றது கதவு. தேன் தடவிய குரல். "உங்கள் நாடி வழக்கம்போல இல்லை. சற்று அமைதியடைந்து மீண்டும் வாருங்கள்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி காட்டினாள்.

"உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு," என்றது கதவு. "ஒரு குவளை தண்ணீர் குடிக்கலாமே."

"என் நாடி எப்படி அவரோடதாகும்?" என்று அவள் ஒல்லியைப் பார்த்தாள்.

ஒல்லி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அண்ணனே கையில கட்டிக்கிட்டு வந்தாலும் தொறக்காது அண்ணி. இந்தப் பட்டை பாதி நாள் வண்டியிலதான் கிடக்கு. வண்டி மோட்டார் அதிருறதைத்தான் அண்ணனோட நாடின்னு அது படிச்சு வச்சிருக்கு. அதுக்கு வண்டிதான் அண்ணன்."

கதவில் காதை வைத்துக் கேட்டாள். கிரேன் உறுமிக்கொண்டு மேலே போனது, கீழே வந்தது. அந்த உறுமலுக்கு நடுவே இரும்பில் இரும்பு தட்டுகிற சின்னச் சத்தம். ஒரு தட்டு. வெகுநேரம் கழித்து இன்னொரு தட்டு. அந்த ஸ்பேனரின் சத்தம் அவளுக்குத் தெரியும். வீட்டுக் குழாயை அதே ஸ்பேனரால் தட்டித்தான் அவர் ரிப்பேர் பார்ப்பார்.

"இருக்கேங்க," என்று கதவோடு சொன்னாள். "தொறக்க ஆள் கூட்டிட்டு வர்றேன். தட்டிட்டே இருங்க."

விருந்தாளிகள் மேல்மாடிக் கூடத்தில் இருந்தார்கள். சிறந்த அறிவுத் தொழிற்சாலை என்று சான்றிதழ் கொடுக்க வந்திருந்த தேர்வுக்குழு. மெத்தை நாற்காலிகளில் சாய்ந்து, தாங்கள் மதிப்பிட வந்த தொழிற்சாலையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நேர்கீழேதான் தொழிற்சாலை. ஜன்னல் வழியாகவும் தெரியும். திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டிருந்தார்கள்.

மாற்றத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையை மாற்றுவதற்கென்றே நியமிக்கப்பட்டவர் என்பதால் அவருக்கு அந்தப் பதவி.

"அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்ள, அவன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவனிடம் பேச வேண்டியிருந்தது. அவன் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது. இந்த மூன்று விரயங்களையும் நாங்கள் ஒழித்துவிட்டோம். பொறுப்பேற்ற நாளிலிருந்து நான் ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கை தட்டினார்கள்.

"இங்கே எதுவும் நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்று பல தொழிற்சாலைகள் எங்களைக் கேட்கின்றன. ரகசியம் எளிது. நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எப்படி என்பதை அவர்களிடமே விட்டுவிட்டேன். அதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். தொழிலாளிமேல் நம்பிக்கை வைப்பது என்பது இதுதான்."

மறுபடியும் கை தட்டினார்கள். அடுத்து, வாளிக்கு அறிவு கொடுத்த புத்தாக்க அதிகாரி எழுந்தாள். வயது குறைந்த பெண். கிடங்குக்குள் மூடியில்லாமல் அடுக்கிவைத்த வாளிகளின் நிலவரத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். இருட்டில் இருந்தபடியே வாளிகள் வரிசையாகப் பதில் சொல்லின. காலி. காலி. காலி. காலி.

ஒன்று மட்டும், 'கொஞ்சம் இருக்கிறது. வெதுவெதுப்பு' என்றது.

"அது என்ன?" என்றார் குழுத் தலைவர்.

புத்தாக்க அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கோளாறா இருக்கலாம் சார். உள்ளே தண்ணியே கிடையாது."

"கோளாறு இல்லை," என்றார் மாற்றத் தலைவர், எழுந்தே நின்று. "புத்தாக்கம். வாடிக்கையாளர் ஊற்றுவதற்கு முன்பே வாளி தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இதை நாங்கள் முன்னுணர்வு என்கிறோம்."

அந்தப் பெயர் அப்போதுதான் பிறந்தது. குழுத் தலைவர் தலையாட்டினார். "எவ்வளவு சூடு?"

புத்தாக்க அதிகாரி குனிந்து பார்த்தாள். "மனுஷ உடம்புச் சூடு சார்."

"குளிக்க ஏத்த சூடு. ரொம்ப நுணுக்கமா யோசிச்சிருக்கீங்க."

ஸ்பேனர் வீட்டுக்காரி கூடத்துக்குள் வந்தபோது காதில் விழுந்தது இதுதான். பின்னால் ஒல்லியும் கண்ணாடியும் நின்றார்கள்.

"சார்," என்றாள். "அது தண்ணி இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். மாற்றத் தலைவர் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார்.

"நீங்க யாருமா? உங்க புள்ளி இந்தக் கூடத்துல இருக்கக் கூடாதே."

"மூத்த மெக்கானிக்கோட வீட்டுக்காரி சார். அவரு காலைலேருந்து கிடங்குக்குள்ள அடிபட்டுக் கிடக்கிறாரு. தட்டுறாரு, நான் கேட்டேன். கதவைத் தொறக்கச் சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரரு கிடங்குல இல்லையே. இதோ பாருங்க." அவர் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டுப் பெரிதாக்கினார். "இங்கேயே இருக்காரு. இதே கூடத்துல. உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு."

எல்லோரும் அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்கள். குழுத் தலைவர் மரியாதை தெரிந்தவர். "வணக்கம்," என்றார் அந்த வெற்றிடத்திடம். "உங்களைப் பத்தி நிறைய சொன்னாங்க."

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். "பட்டை என் கையில இருக்கு சார். அதுக்கு முன்னாடி வண்டியில இருந்துச்சு. உள்ளே போறப்ப எல்லாரும் கழட்டி வண்டியில கட்டிட்டுத்தான் போறாங்க."

ஒல்லி கண்ணை மூடிக்கொண்டான்.

"பட்டையைக் கழட்டக் கூடாதுன்னு விதி இருக்கும்மா," என்றார் மாற்றத் தலைவர் பொறுமையாக. "விதி இருக்கிறதால அவரு கழட்டியிருக்க மாட்டாரு. கழட்டாததால அவரு உள்ளே போயிருந்தா கிரேன் நின்னிருக்கும். கிரேன் நிக்கல. அப்போ அவரு உள்ளே இல்ல. நீங்க பதட்டத்துல இருக்கீங்க."

"நீங்கதானே சார் எப்படியாவது நிக்காம பாத்துக்கன்னு சொன்னீங்க," என்றான் ஒல்லி.

"எப்படின்னு என்கிட்ட சொல்லாதேன்னும் சொன்னேன்லப்பா. இப்போ வந்து சொல்றியே."

"சார், காணாமப் போன ஆளைத் தேடவாவது சொல்லுங்க," என்றாள் அவள்.

"அதுக்கு நல்ல நடைமுறை இருக்கும்மா. திரையில ஒருத்தர் இல்லாமப் போயிட்டா உடனே தேடுவோம். ஆனா உங்க வீட்டுக்காரரு திரையில இருக்காரு. இருக்கிறவரைத் தேடுறதுக்கு நடைமுறை கிடையாது."

குழுத் தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "விபத்து ஏதாவதா?"

"பதிவாகலை சார்."

"பதிவாகலைன்னா மேற்கொண்டு போகலாம்."

"சார்," என்று மெல்லக் கூப்பிட்டாள் புத்தாக்க அதிகாரி. "கொஞ்சம் கூடியிருக்கு. ஆனா ஆறுது."

"எது?"

"வாளி."

"வெந்நீர்னா ஆறத்தான் செய்யும். அதையும் சரியா சொல்லுதுல்ல, அதைக் கவனிங்க."

திரையில் 'ஆறிக்கொண்டிருக்கிறேன்' என்று எழுத்து ஓடியது. அதற்கும் குழுவில் ஒருவர் கை தட்டினார். மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஸ்பேனர் வீட்டுக்காரி அந்த எழுத்தைப் படித்தாள். இந்தக் கூடத்தில் அவள் சொன்னதை ஒத்துக்கொண்டது அந்த வாளி ஒன்றுதான். பிறகு ஒல்லியிடம் திரும்பினாள்.

"அதுக்கு வண்டிதான் அவருன்னு சொன்னியே."

"ஆமா அண்ணி."

"அப்போ அவரைத் தூக்கிட்டு வாங்க."

"கோட்டை விட்டு வண்டி வெளியே வராது அண்ணி."

"ஓட்டிட்டு வரச் சொல்லல. தூக்கிட்டு வரச் சொல்றேன்."

கீழே மூன்றாவது பாதையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். தூக்கலாமா, பலகை என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியின் ஒரு மூலையைப் பிடித்தாள்.

"பாத்துட்டே நிக்கிறீங்களே. காலெல்லாம் மஞ்சளாயிடும்டா, பிடிங்கடா," என்றாள்.

பிடித்தார்கள். கனமான வண்டி. தோளுக்கு ஏற்றினார்கள். தூக்கிய பிறகும் அதன் சக்கரங்கள் காற்றில் சுழன்றுகொண்டிருந்தன. அவள் பட்டையைப் பழைய இடத்திலேயே, கைப்பிடியிலேயே கட்டினாள். நாலா பக்கமும் தோள் கொடுக்க, அவள் முன்னால் நடக்க, இயந்திரங்களுக்கு நடுவே வண்டி போனது. இப்படித் தோளில் தூக்கிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பாடையில் ஆள் இருப்பான் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

மேலே திரையில் மூத்த மெக்கானிக்கின் புள்ளி கோட்டைவிட்டு விலகி நேராகக் கிடங்கை நோக்கிப் போவதைக் குழு பார்த்தது. பக்கத்தில் நிறையப் புள்ளிகள் நெருங்கிப் போயின.

"என்ன நடக்குது?" என்றார் குழுத் தலைவர்.

"மனிதனும் இயந்திரமும் ஒருத்தரை ஒருத்தர் தாங்குற நிகழ்ச்சி சார்," என்றார் மாற்றத் தலைவர். "ஆச்சரியமா இருக்கட்டும்னு நிகழ்ச்சி நிரல்ல போடல."

வண்டியைச் சின்னக் கதவுக்கு முன்னால் இறக்கி, பட்டையைப் பூட்டுக்கு நேராகத் திருப்பினார்கள்.

"வணக்கம், மூத்த மெக்கானிக் அவர்களே," என்றது கதவு. "உங்கள் நாடி மிகச் சீராக இருக்கிறது. வாருங்கள்."

கதவு திறந்தது. வண்டியை உள்ளே தள்ளினார்கள். பட்டை உள்ளே போனதும் கிரேன் பாதி உயரத்தில் நின்றது. அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் கேட்டிராத அமைதி. அந்த அமைதியில் அவள் காத்து நின்றாள்.

தட்டுகிற சத்தம் வரவில்லை.

அவள் குனிந்து உள்ளே போனாள். ஒல்லி கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு பின்னால் போனான். அடுக்கின் இரும்புக் காலில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஸ்பேனர். இடது கை பக்கத்தில் இருந்த வாளிக்குள் தொங்கியது. கீழே சிந்தி வீணாக வேண்டாம் என்று நினைத்தாரோ, வழுக்கும் என்று நினைத்தாரோ. எதையும் தரையில் சிந்த விடாதவர்.

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சூடு இருக்கா அண்ணி?" என்றான் ஒல்லி.

மேலே கூடத்தில் திரை சொன்னது: 'சுற்றிலும் உள்ள சூட்டுக்கு வந்துவிட்டேன். இனி மாற்றம் இருக்காது.' புத்தாக்க அதிகாரி அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே கொண்டுவந்து கிடத்தினார்கள். மாற்றத் தலைவர் முதல்முறையாகக் கீழே வந்தார். படிக்கட்டு எந்தப் பக்கம் என்று ஒருவரிடம் கேட்டுத்தான் வந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றார். "உள்ளே இருந்தவரு இருக்கேன்னு கருவிகிட்ட சொல்லலை. கருவி சொல்லாததை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கிருந்தே பலகை தெரிந்தது. 'நாங்கள் நிற்பதில்லை.' பச்சை.

"அதைச் சிவப்பாக்குங்க சார்."

"எதைம்மா?"

"பலகையை. அவருக்காக ஒரு தடவை நின்னுச்சுன்னு எழுதுங்க. வேற எதுவும் நான் கேக்கல."

மாற்றத் தலைவர் உண்மையிலேயே யோசித்தார். கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். "நிக்கலையேம்மா. இதுல தெளிவா இருக்கு. புதுப் பூட்டு அனுமதிச்சு, மூத்த மெக்கானிக் பட்டையோட முறைப்படி உள்ளே போயிருக்காரு. அதனால கிரேன் ஓய்வு எடுத்திருக்கு. இது திட்டமிட்ட பராமரிப்புக் கணக்குல வரும். வேலையை முடிச்சுட்டு வெளியே வந்துட்டாரு."

"நாங்க தூக்கிட்டு வந்தோம் சார்."

"வந்துட்டாருல்ல."

குழுத் தலைவர் பின்னால் வந்து நின்றார். கீழே கிடந்தவரைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். எதற்கு வணக்கம் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, வண்டிக்குச் சொன்னார்.

மறுநாள் ஸ்பேனரின் உடலை எடுத்தார்கள். இறப்புக்கு விடுப்பு ரத்த உறவுக்கும் மனைவிக்கும் மட்டும்தான் என்று திரையில் அறிவிப்பு வந்தது. மனைவியின் விடுப்பும் உடனே கிடைக்கவில்லை. புருஷன் பணியில் இருப்பதாகப் பதிவு காட்டியது. குட்டி வண்டியைப் பழைய கோட்டில் இறக்கி விட்டிருந்தார்கள். கைப்பிடியில் கட்டிய பட்டையை அவிழ்க்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

ஆனாலும் வீட்டு வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. லேபிள் மேசை, அச்சு மேசை, கிடங்கு, சாப்பாட்டுக்கூடம் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். ஒருவர் மணிக்கட்டிலும் பட்டை இல்லை. கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"எல்லாரும் இங்கே வந்துட்டீங்களேக்கா," என்றாள் கண்ணாடியிடம். "அங்கே யாரு வேலை பாக்கிறா?"

"எல்லாரும்தான்," என்றாள் கண்ணாடி. "வண்டிக்கு ஒரு கொத்தா கட்டிவிட்டுட்டு வந்திருக்கோம். என்னை மாதிரி முழங்கால் வலிக்காரி ஜென்மத்துல இப்படி ஓடினதில்ல."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தூக்கிக்கொண்டு போனார்கள். ஒல்லி முன்பக்கம் தோள் கொடுத்தான். சட்டைப்பையில் இருந்த ஸ்பேனரை எடுக்க வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.

தொழிற்சாலையில் மாற்றத் தலைவர் மேல்மாடிக் கூடத்தில் உட்கார்ந்து சான்றிதழை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்கப் பச்சை. இப்படி ஒரு நாளை அவர் பார்த்ததே இல்லை. மஞ்சள் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் ஒரே வேகம், ஒரே நாடி.

கீழே போய்விட்டு வந்த புத்தாக்க அதிகாரி கதவருகில் நின்றாள்.

"சார், காலைலேருந்து ஒரு வாளிகூட வரல."

"திரையில?"

"திரையில வந்திருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

அவள் கீழே இறங்கிப் போய், மூன்றாவது பாதையில் வந்த குட்டி வண்டியில், பழந்துணி தைத்த பட்டைக்குப் பக்கத்தில் தன் பட்டையையும் கட்டிவிட்டு, வாசல் பலகையைத் தாண்டி வெளியே நடந்தாள்.

சற்று நேரம் கழித்து மாற்றத் தலைவருக்கு அவளிடம் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. திரையில் தேடினார். பச்சையாக ஓடிக்கொண்டிருந்தாள். அவருக்குத் திருப்தியாக இருந்தது.